அன்றாடத்துக்கும் விசேஷத்துக்கும் ஒரே பூட்ஸ்: கறுப்பா, பழுப்பா?

கேள்வி: திருப்பூர் வாசகர்

அனைவருக்கும் வணக்கம். திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதி நிறுவனத்தில் மெர்ச்சன்டைசராகப் பணிபுரிகிறேன். பெரும்பாலான நாட்களில் நீல ஜீன்ஸும் காலர் வைத்த டி-ஷர்ட்டுமாக நிட்டிங், சாயப்பட்டறை, தையல் யூனிட் என்று சுற்றி வருவதே என் வேலை. மாதத்தில் ஓரிரு முறை சரக்கு வாங்கும் பையர்கள் வரும்போது சாம்பல் நிறப் பேண்ட்டும் நேவி நீல பிளேசரும் அணிகிறேன். வருகிற தை மாதம் தங்கைக்குத் திருமணம். முகூர்த்தத்துக்கு வேட்டிதான் என்றாலும், முதல்நாள் மாலை வரவேற்பில் நேவி நீல சூட் அணிந்து மண்டப வாசலில் நின்று உறவினர்களை வரவேற்க வேண்டியவன் நான்.

இதுவரை ஜீன்ஸுக்குக் கேன்வாஸ் ஷூவும் பேண்ட்டுக்கு ஒரு கறுப்பு ஷூவுமாகச் சமாளித்து வந்தேன். சென்ற மாதம் பையருடன் கட்டிங் ஹாலில் நடந்துகொண்டிருந்தபோது அந்தக் கறுப்பு ஷூவின் அடிப்பாகம் துண்டு துண்டாக உதிர்ந்து, வெள்ளை டைல்ஸ் தரை முழுவதும் கரித்தூள் போல விழுந்தது. நான்கு ஆண்டுகளாக மாதத்தில் ஓரிரு முறை மட்டும் அணிந்து, மற்ற நாட்களில் பெட்டியிலேயே பத்திரமாக வைத்திருந்த ஷூ அது.

ஆகவே இம்முறை இரண்டுக்கும் பொதுவாக, கணுக்கால் அளவுக்கு வரும் தோல் பூட்ஸ் ஒரே ஒரு ஜோடி வாங்கி, அதையே வாரம் முழுவதும் அணிய விரும்புகிறேன். ஆறாயிரம் ரூபாய் வரை செலவிட முடியும். கறுப்பு எடுப்பதா, பழுப்பு எடுப்பதா? ஜீன்ஸோடு கறுப்பு கனமாகத் தெரியுமோ, சூட்டோடு பழுப்பு மரியாதைக் குறைவாகத் தோன்றுமோ என்ற இரண்டு தயக்கங்களுக்கு நடுவே நிற்கிறேன்.

பதில்: கோவை, பீளமேடு

தம்பி, நீங்கள் எழுதிய உடைகளை மட்டும் வைத்துச் சொல்வதானால் பழுப்புதான். அதிலும் நன்றாக வறுத்த காப்பிக்கொட்டையின் நிறத்தில் இருக்கும் ஆழ்ந்த பழுப்பு. நீல ஜீன்ஸ், சாம்பல் பேண்ட், நேவி சூட் ஆகிய மூன்றோடும் அது பொருந்தும். உங்கள் அலமாரியில் கறுப்புப் பேண்ட்டோ கறுப்பு சூட்டோ இருப்பதாக நீங்கள் எழுதவில்லை. அவை இருந்திருந்தால் என் பதில் மாறியிருக்கும். ஏனென்றால் கறுப்புப் பேண்ட்டுக்குக் கீழே பழுப்பு பூட்ஸ் எத்தனை விலை உயர்ந்ததாக இருந்தாலும் காலைத் தனியாக வெட்டிக் காட்டிவிடும். டேன் எனப்படும் வெளிர்பழுப்பு நிறத்தைத் தவிர்த்துவிடுங்கள். ஜீன்ஸோடு அது மிக அழகாக இருக்கும், ஆனால் மாலை நேரத்தில் சூட்டோடு நிற்கும்போது எதிரில் இருப்பவரின் பார்வை முகத்துக்கு வராமல் காலிலேயே நின்றுவிடும்.

சாயத்தொழிலில் நீண்ட காலம் இருந்தவன் என்பதால் இன்னொன்றை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். லேப் டிப், அதாவது சாயமிட்ட மாதிரித் துணி, வந்தால் நீங்கள் என்ன செய்வீர்கள்? லைட் பாக்ஸில் வைத்து, பகல் வெளிச்சம் போன்ற டி65 விளக்கிலும் கடை வெளிச்சம் போன்ற டிஎல்84 விளக்கிலும் மாற்றி மாற்றிப் பார்க்காமல் ஒப்புதல் தர மாட்டீர்கள் அல்லவா? அந்தக் கவனத்தைக் காலணிக் கடையிலும் காட்டுங்கள். கடையின் மஞ்சள் விளக்கில் அடக்கமாகத் தெரியும் பழுப்பு, வாசலுக்கு வந்து பகல் வெளிச்சத்தில் பார்த்தால் செங்கல் நிறமாக இருக்கும். நேர்மாறாக, கடையில் கறுப்பு என்று எண்ணிக் கடந்துபோன ஒன்று வெளியே அருமையான ஆழ்ந்த பழுப்பாக இருப்பதும் உண்டு. சாம்பல் பேண்ட்டை ஒரு பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள். பூட்ஸைப் பேண்ட்டின் மீது வைத்து வாசலில் ஒருமுறை, உள்ளே ஒருமுறை பார்த்தால் ஐயம் தீர்ந்துவிடும்.

நம் பகுதியின் செம்மண்ணையும் கணக்கில் எடுக்க வேண்டும். பல ஆண்டுகளாக என் ஷூக்களுக்குத் தையல் போட்டுத் தரும் பெரியவர் ஒருவர், நான் கறுப்பு ஷூவை நீட்டும்போதெல்லாம், "ஏனுங்க, ஆடிக் காத்துல நம்மூரு மண்ணுக்குக் கறுப்பு தாங்குமுங்களா?" என்று கேட்பார். அவர் சொல்வது உண்மை. காலையில் பளபளவென்று துடைத்த கறுப்பு ஷூவில், மேல்தோலும் அடிப்பாகமும் சேரும் அந்த மெல்லிய இடுக்கில், பத்து மணிக்குள் செம்மண் ஒரு சிவப்புக் கோடு போட்டுவிடும். பழுப்பிலும் அதே மண் படிகிறது. ஆனால் மண்ணுக்கு நெருங்கிய நிறம் என்பதால் கண்ணை உறுத்துவதில்லை.

வடிவத்தைப் பொறுத்தவரை, லேஸ் கட்டும் பூட்ஸ் வேண்டாம் என்பேன். வீட்டு வாசல், கோயில், கணினி அறை, திருமண மேடை என்று ஒரு நாளில் எத்தனை முறை நாம் காலணியைக் கழற்றுகிறோம் என்று எண்ணிப் பாருங்கள். இரண்டு பக்கமும் எலாஸ்டிக் வைத்த செல்சீ பூட்ஸ், குனியாமலே கழற்றி மாட்டக் கூடியது. விக்டோரியா அரசியாருக்குக் காலணி செய்துகொடுத்த ஸ்பார்க்ஸ்-ஹால் என்பவர் 1851இல் காப்புரிமை பெற்ற எலாஸ்டிக் பூட்ஸின் வழிவந்தது அது. மேலே தையலோ பூவேலையோ இல்லாத வெறுமையான முகப்பு என்பதால் சூட்டோடும் ஒன்றிப்போகும். அடிப்பாகம் மெல்லியதாக இருக்கட்டும். டிராக்டர் டயர் போன்ற பள்ளமும் மேடும் உள்ள சோல் வந்துவிட்டால், எந்த நிறமாக இருந்தாலும் அது வரவேற்புக்குரிய காலணி அல்ல.

பதில்: கோபிச்செட்டிப்பாளையம்

மேலே எழுதிய அண்ணனின் கருத்தை மதிக்கிறேன், ஆனால் கறுப்பை அவ்வளவு எளிதாக ஒதுக்கிவிடக் கூடாது. நான் வழக்கறிஞர். கறுப்புக் கோட்டும் வெள்ளைச் சட்டையுமாக நீதிமன்றம் செல்லும் எனக்குப் பழுப்பு என்ற பேச்சுக்கே இடமில்லை; அதே கறுப்பு பூட்ஸைத்தான் ஞாயிற்றுக்கிழமைகளில் அடர்நீல ஜீன்ஸோடும் அணிகிறேன், நன்றாகவே இருக்கிறது. வெளுத்த ஜீன்ஸோடு அணிந்தால்தான் கேள்வி கேட்டவர் அஞ்சும் கனம் தெரிகிறது. இங்கிலாந்தில் நகர அலுவலகங்களுக்குப் பழுப்புக் காலணி ஆகாது, அது கிராமப்புறத்துக்கு உரியது என்ற வழக்கு நெடுங்காலம் இருந்தது. இன்று அது பெரிதும் தளர்ந்துவிட்டாலும், இரவு நிகழ்ச்சிகளில் கறுப்புக்கு உள்ள கண்ணியம் குறையவில்லை என்றே நினைக்கிறேன். பெல்ட்டையும் யோசியுங்கள். கறுப்பு பெல்ட் எல்லோர் வீட்டிலும் இருக்கிறது. பழுப்பு எடுத்தால் ஏறத்தாழ அதே நிறத்தில் ஒரு பெல்ட்டையும் சேர்த்து வாங்க வேண்டும், ஆறாயிரத்துக்குள் அதுவும் அடங்க வேண்டும்.

பதில்: ஈரோடு

தோல் பதனிடும் தொழிலில் இருக்கிறேன். நிறத்துக்கு முன்பாக, உதிர்ந்த அந்த ஷூவைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் புதிய ஜோடியிலும் அதே ஏமாற்றம் உங்களுக்கு நேரக் கூடாது. நீங்கள் சொல்லும் அடையாளங்களைப் பார்த்தால் அதன் அடிப்பாகம் பாலியூரித்தேன், அதாவது பி.யு. சோல். காற்றில் உள்ள ஈரப்பதத்தோடு அது மெல்ல மெல்ல வினைபுரிந்து உள்ளிருந்தே சிதைகிறது. அணியாமல் பெட்டிக்குள் மூடி வைத்தாலும் இது நிற்பதில்லை. நல்லது கெட்டதுக்கு மட்டும் என்று ஆண்டுக்கணக்கில் எடுத்து வைக்கும் ஷூக்கள் பல குடும்பங்களில் திருமண நாளன்று உதிர்ந்துபோவதற்குக் காரணம் இதுதான். உங்கள் பராமரிப்பில் எந்தக் குறையும் இல்லை. இம்முறை கடைக்காரரிடம் ரப்பர் சோலா, டி.பி.ஆர். எனப்படும் தெர்மோபிளாஸ்டிக் ரப்பர் சோலா என்று கேட்டு வாங்குங்கள். கையில் எடுத்தால் பி.யு. வியக்கும்படி இலேசாக இருக்கும், மற்ற இரண்டும் சற்றே கனக்கும். வாரம் முழுவதும் அணியப் போவதாக நீங்கள் எடுத்திருக்கும் முடிவு மிகச் சரியானது.

இனி நிறம். இன்று காலணியின் மேல்தோலுக்குப் பெரும்பாலும் பயன்படுவது குரோம் முறையில் பதனிட்ட தோல். அது தொட்டியிலிருந்து வெளிவரும்போது வெளிர்நீலமாக இருக்கும். கறுப்பும் பழுப்பும் அதற்குப் பிறகு ஏற்றப்படுபவை. ஆவாரம்பட்டையும் கடுக்காயும் கொண்டு பதனிடும் நம் நாட்டுமுறைத் தோல் ஒன்று உண்டு. ஈ.ஐ. தோல் என்ற பெயரில் 2008இல் புவிசார் குறியீடு பெற்றது அது. அதற்கு இயல்பிலேயே இளம்பழுப்புச் சாயல் உண்டு. மாட்டின் உடலில் முள் கீறிய தழும்பு, உண்ணி கடித்த புள்ளி எல்லாம் தோலில் இருக்கத்தான் செய்யும். கறுப்பு அவற்றை மறைத்துவிடும். பழுப்பு அவ்வளவு எளிதில் மறைக்காது. எனவே மலிவான பழுப்பு ஷூவில் குறைகளைத் தேய்த்தெடுத்து, மேலே கனமாகப் பூச்சு பூசி, புள்ளி புள்ளியாக ஒரே மாதிரி அச்சு பதித்துவிடுகிறார்கள். அது சில மாதங்களில் மடிப்பு விழும் இடத்தில் உரிந்து வரும்.

ஆறாயிரத்துக்கு நல்ல பழுப்புத் தோல் கிடைக்காது என்று நான் சொல்லவில்லை, பார்த்து வாங்க வேண்டும் என்கிறேன். பெருவிரல் மடங்கும் இடத்தைக் கட்டைவிரலால் மெல்ல அழுத்துங்கள். நல்ல தோலில் புறங்கைச் சுருக்கம் போல மெல்லிய கோடுகள் ஓடி, விரலை எடுத்ததும் மறையும். பூச்சு கனத்த தோலில் இரண்டு மூன்று முரட்டு மடிப்புகள்தான் விழும். பின்னால் பிடித்து இழுக்கும் பட்டையின் ஓரத்தையும் பாருங்கள். வெட்டுவாயில் நார் தெரிய வேண்டும், பிளாஸ்டிக் தகடு போல வழவழப்பாக இருந்தால் கீழே வைத்துவிடுங்கள். சோலைச் சுற்றி ஓடும் வெள்ளைத் தையலை நம்பி விலை கொடுக்காதீர்கள். 1870களில் இயந்திரத்துக்கு வந்த குட்இயர் வெல்ட் முறையில் அந்தத் தையல்தான் சோலைப் பிடித்திருக்கும், சோல் தேய்ந்தால் மாற்றிக்கொள்ளலாம். உங்கள் விலையில் கிடைப்பவை பெரும்பாலும் பசை வைத்து ஒட்டியவை. அவற்றில் வெள்ளைத் தையல் வெறும் அலங்காரமாகவே பல நேரங்களில் இருக்கிறது. ஒட்டியது என்பதால் ஒதுக்க வேண்டியதில்லை, ஆனால் மழையில் நனைந்தால் வெயிலில் காயவைக்கக் கூடாது. உள்ளே செய்தித்தாளைத் திணித்து, நிழலில் காற்றாட இரண்டு நாட்கள் வையுங்கள். வெயில் தோலையும் முறுக்கும், பசையையும் இளக்கும்.

உள்பக்கம் தோல் லைனிங் உள்ளதா என்றும் கேளுங்கள். கம்பளி போன்ற பஞ்சு வைத்த பூட்ஸ் ஊட்டிக்கு உதவலாம், திருப்பூர்ச் சித்திரைக்கு ஆகாது.

கேள்வி கேட்டவர்

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. நேற்று மாலை ஐந்து மணிக்கே, பகல் வெளிச்சம் இருக்கும்போது, சாம்பல் பேண்ட்டோடு கோவைக்குச் சென்று வந்தேன். முதலில் பிடித்துப்போன ஒன்று, வாசலுக்குக் கொண்டுவந்ததும் பீளமேடு ஐயா சொன்ன அதே செங்கல் நிறமாக மாறியது. அடுத்த கடையில் ஆழ்ந்த பழுப்பில் ஒரு செல்சீ பூட்ஸ் கிடைத்தது, டி.பி.ஆர். சோல், உள்ளே தோல், அழுத்திப் பார்த்தபோது மெல்லிய கோடுகள்தான் விழுந்தன. பெல்ட்டையும் சேர்த்து, நான் எண்ணியிருந்த தொகையைவிட முந்நூறு ரூபாய் கூடிவிட்டது. கோபி அண்ணனின் கருத்தையும் மறக்கவில்லை. என்றாவது கறுப்பு சூட் தைத்தால் அன்றைக்குக் கறுப்பு பூட்ஸும் வாங்குவேன். இப்போது ஒரே ஓர் ஐயம்: இதற்கு எந்த பாலிஷ் போடுவது? கடையில் டார்க் டேன் கொடுத்தார்கள்.

பதில்: ஈரோடு

டார்க் டேன் வேண்டாம், அது உங்கள் பூட்ஸின் நிறத்தைச் சிவப்பாக்கிவிடும். நியூட்ரல் என்று விற்கும் நிறமற்ற கிரீமையே தொடர்ந்து பயன்படுத்துங்கள். தினமும் மாலையில் உலர்ந்த பிரஷால் இடுக்கில் உள்ள மண்ணைத் தட்டிய பிறகு, மாதத்தில் இரண்டு முறை கிரீம் போட்டால் போதும். நாளடைவில் முனை வெளுத்தால் மட்டும் டார்க் பிரவுன் பாலிஷ் வாங்குங்கள்; அதையும் முதலில் குதிகாலின் உட்புறத்தில் நகத்தளவு தடவி, ஓர் இரவு விட்டுக் காலையில் நிறம் பார்த்த பிறகே முழுவதும் போடுங்கள்.