எலி நுழைந்த காகிதப் பை

கயல்: எல்லோருக்கும் வணக்கம். சிறுவர் கதை ஒன்றைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். ஓர் எலி பழைய காகிதப் பைக்குள் நுழைகிறது, பை கசங்குகிறது. ஆங்கிலத்தில் அதற்குக் 'கிரிங்கிள்' என்று ஒரே சொல். சுருக்கம் விழுவதும் அதுதான், அப்போது எழும் ஓசையும் அதுதான். 'கசங்கியது' என்று எழுதினால் ஓசை போய்விடுகிறது. என்ன செய்யலாம்?

கலா சித்தி: 'சரசரத்தது' என்று எழுதிவிடு கயல்.

பெரியப்பா: சரசரப்பு உரசலின் ஓசை கலா. சருகின் மேல் பாம்பு ஊர்ந்தால் சரசரக்கும். பட்டுச் சேலையில் நடந்தால் சரசரக்கும். ஒன்றோடு ஒன்று உரசி நகர வேண்டும். பை கசங்குவது அப்படி இல்லையே.

கலா சித்தி: அப்படியானால் சலசலப்பு?

பெரியப்பா: அது ஓடைக்கும் காற்றில் ஆடும் இலைக்கும் உரியது. கூட்டத்தில் எழும் முணுமுணுப்புக்கும் அதையே சொல்கிறோம். பனங்காட்டு நரி அஞ்சாத சலசலப்பு காய்ந்த ஓலையில் எழுவது.

மாறன்: மொடமொடப்பு பொருந்துமா பெரியப்பா?

பெரியப்பா: புதுத் தாளுக்குப் பொருந்தும், கஞ்சி போட்ட துணிக்கும் பொருந்தும். விறைப்பு இருந்தால்தான் மொடமொடப்பு. கயல் சொல்வது பழைய பை.

மாறன்: ஒரு தாளைக் காதருகே பிடித்து மிக மெதுவாகக் கசக்கிப் பாருங்கள். தொடர்ச்சியான ஓசை வராது. தனித்தனியாகத் தெறிக்கும். மடிப்புகளுக்கு நடுவே உள்ள சிறு பரப்பு ஒவ்வொன்றும் அழுத்தம் தாங்காமல் சட்டென்று மறுபக்கம் வளைகிறது. அந்தக் கணத்தில் ஒரு தெறிப்பு. 1996இல் இயற்பியலாளர்கள் இதைப் பதிவு செய்து ஆய்வு வெளியிட்டார்கள். மெல்லிய தெறிப்புகள் மிகப் பல, உரத்தவை சில. அதாவது சுருக்கமும் ஓசையும் ஒரே நிகழ்ச்சிதான்.

கலா சித்தி: பருத்திச் சட்டையும்தான் கசங்குகிறது. அது ஏன் சத்தம் போடுவதில்லை?

மாறன்: துணியில் நூல்கள் ஒன்றின் மேல் ஒன்று வழுக்கிக் கொடுத்துவிடும் சித்தி. தாளில் நார்கள் ஒட்டிக் கிடப்பதால் வழுக்க இடமில்லை. பருத்திச் சுருக்கத்தின் கதை வேறு. இழைக்குள் மூலக்கூறுகள் ஹைட்ரஜன் பிணைப்பால் கோத்திருக்கின்றன. ஈரமும் அழுத்தமும் பட்டால் அந்தப் பிணைப்புகள் அறுந்து, மூலக்கூறுகள் மடிந்த நிலையிலேயே மீண்டும் பிணைந்துகொள்கின்றன. நீர் தெளித்துத் தேய்க்கும்போது அதே வேலையைத் தட்டையாக வைத்துச் செய்கிறோம்.

கலா சித்தி: அதனால்தான் ஈரத்தோடு சுருட்டி வைத்த சட்டை அப்படிப் பிடிவாதம் பிடிக்கிறதா! பட்டின் சரசரப்புகூட இயல்பாக வருவது மட்டும் இல்லை. மென்மையான அமிலக் கரைசலில் நனைத்து அந்த ஓசையைக் கூட்டுவார்கள்.

பெரியப்பா: சுருக்கம் என்றதும் நினைவுக்கு வருகிறது. தோல் சுருங்குவதற்குத் 'திரை' என்று எவ்வளவு அழகான சொல் இருக்கிறது! நரை, திரை என்று சேர்த்தே சொல்வோம். கடல் அலைக்கும் அதே பெயர். இப்போது யாரும் எழுதுவதில்லை, அதில் எனக்கு வருத்தம் உண்டு.

கயல்: பெரியப்பா, எலி!

பெரியப்பா: வருகிறேன். மாறன் சொன்ன தெறிப்புக்குத் தமிழில் 'சடக்' உண்டு. சுள்ளி சடக்கென்று ஒடிகிறது. அதுவே அடுக்கி வந்தால் 'சடசட'. சரசர என்பதைப் பிரித்துச் 'சர' என்று நிறுத்தினால் பொருள் தராது, இரட்டைக்கிளவி. சடக் தனியாக நிற்கும். எலி மெதுவாக நுழைகிறதா, விரைந்தா?

கயல்: மெதுவாகத்தான். அப்புறம் பூனையைக் கண்டு பயந்து ஓடுகிறது.

மாறன்: அப்படியானால் இரண்டுமே வேண்டும்.

கயல்: இப்படி எழுதியிருக்கிறேன், பாருங்கள்:
"எலி ஒரு காலை உள்ளே வைத்தது. சடக்! அப்படியே நின்றது. இன்னொரு காலை வைத்தது. சடக், சடக்! வாசலில் பூனையின் மீசை தெரிந்தது. எலி துள்ளியது. பை சடசடவென்று கசங்கிச் சுருண்டது."

கலா சித்தி: படிக்கும்போதே வாய் ஓசை எழுப்புகிறது. மிக நன்று கயல்.

பெரியப்பா: 'கசங்கி' போதும், 'சுருண்டது' வேண்டாம். பை சுருண்டால் எலி எப்படி வெளியே வரும்?

கயல்: சரி பெரியப்பா, எடுத்துவிடுகிறேன். அடுத்த பக்கத்தில் அது பையின் கிழிசல் வழியாகத் தப்பிக்கிறது. அங்கேயும் ஓர் ஓசை இருக்கிறது, மாலையில் அனுப்புகிறேன்.