தலையில முடி நட 5000 கிராஃப்ட் ஒரே தடவையில எடுக்கலாமா? பின்னந்தலை தாங்குமா?

வெத்திலைக்கொடி எழுதினது:

எல்லாருக்கும் வணக்கம். ஊர் களுதாவளை, வயசு 32. இருபத்திநாலில நெத்தி ஏறத் தொடங்கினது. இப்ப உச்சியில ஒரு வட்டம், முன்பக்கம் வெளி, ரெண்டுக்கும் நடுவில வரம்பு மாதிரிக் கொஞ்சம் முடி நிக்குது. வழுக்கை எவ்வளவு எண்டு அளக்கிற கணக்கில இது நோர்வூட் 5 எண்டு டொக்டர் சொன்னார். அப்பாக்கும் பெரியப்பாக்கும் காதுக்கு மேல மட்டும்தான் முடி, அதால இது எங்க போய் நிக்கும் எண்டு எனக்குத் தெரியும்.

எஃப்யூஇ, அதாவது பின்னந்தலையில இருந்து ஒண்டு ரெண்டு முடியா வேரோட எடுத்து (அதுதான் கிராஃப்ட்) வழுக்கையில நடுறது, அதைச் செய்யிறதுக்கு ரெண்டு இடத்தில கேட்டன். சென்னையில ஒரு இடம், வட்ஸப்பில அனுப்பின நாலு படத்தைப் பார்த்துட்டு, 5000 கிராஃப்ட், ரெண்டு நாளில முழுத்தலையும் மூடித் தாறம் எண்டாங்க. கொழும்பில ஒரு டொக்டர் நேரில பார்த்தார். பூதக்கண்ணாடி மாதிரி ஒண்டைப் பின்னந்தலையில வச்சு எண்ணினார். மறுகா, 2800 போதும், முன்பக்கம் மட்டும், அதுக்கு முதல் ஆறு மாசம் குளிசை போடுங்க எண்டார். காசு ரெண்டு இடத்திலயும் கிட்டத்தட்ட ஒண்டுதான். ஒரே காசுக்கு 2800ஐ விட 5000 நல்லம்தானே?

பிரச்சினை என்னெண்டா ஆவணியில கலியாணம் பேசியிருக்கு. இன்னும் எட்டு மாசம். வேலை கல்முனையில, போறது மோட்டர் சைக்கிளில. ஹெல்மட் எப்ப போடலாம்? எத்தனை நாள் லீவு எடுக்கணும்? பெரிய அளவில எடுத்த ஆக்கள் உண்மையைச் சொல்லுங்க.

கல்லடிக்காரன் எழுதினது:

தம்பி, நான் 4100 எடுத்தவன். பதினாலு மாசமாகுது. சென்னையிலதான், இடத்தின்ட பேர் கேக்க வேணாம்.

குப்புறப் படுக்க வச்சு விறைப்பூசி அடிப்பாங்க. நோவு அதோட சரி. மறுகா சத்தம் மட்டும்தான். பஞ்ச் எண்டது ஒரு மில்லிமீட்டரும் வராத குழாய் ஊசி. அது இறங்கிற நேரம் மண்டைக்குள்ள நறுக் நறுக் எண்டு நண்டோட்டைக் கடிக்கிற மாதிரி ஒரு சத்தம். ரெண்டு நாளா அதைக் கேட்டுக்கொண்டு கிடந்தன். முதல் நாள் டொக்டரே துளை போட்டார். ரெண்டாம் நாள் அவர் நெத்திக் கோட்டை ஒருக்காப் பார்த்துட்டுப் போயிட்டார், எடுத்தது முழுக்க வேலைக்காரப் பிள்ளைகள். அண்டைக்கு எடுத்ததுதான் இடது காதுக்குப் பின்னால. ஒரே இடத்தில நெருக்கி எடுத்திருக்காங்க. இண்டைக்கும் முடியைக் கட்டையா வெட்டினா அந்த இடம் கறையான் அரிச்ச மாதிரித் தெரியும். அதால "துளை போடுறது யார்ர கை, ரெண்டு நாளும் அதே கைதானா" எண்டு முதலே கேளுங்க.

மூண்டாம் நாள் முகம் வீங்கும். தலைக்குள்ள ஏத்தின தண்ணி நெத்தியால இறங்கிக் கண்ணுக்கு வரும். குளவி கொட்டின ஆள் மாதிரி இருந்தன். பாஸ்போட்டில இருக்கிற படத்தையும் என்னையும் எயார்போட்டில மாறி மாறிப் பார்த்தாங்க. ரெண்டு மூண்டு நாளில அது வத்திடும், பயமில்ல.

என்ட பிழை ரெயினில. அஞ்சாம் நாள் கொழும்புக் கோட்டையில இருந்து ராத்திரி ரெயினில வந்தன். பொலன்னறுவைப் பக்கம் நித்திரை தூங்கித் தலை முன்னால சாய்ஞ்சு யன்னல் சட்டத்தில அடிபட்டுட்டு. முழிச்சுப் பார்த்தா கண்ணாடியில ஒரு சொட்டு ரெத்தம், அதில ஒரு துண்டு முடி ஒட்டிக்கொண்டு நிக்குது. வேரோட. நாலஞ்சு கிராஃப்ட் போயிருக்கும். வலப்பக்க நெத்திக் கோட்டில அந்த இடைவெளி இண்டைக்கும் இருக்கு. ஆரும் கவனிக்க மாட்டாங்க, நான் மட்டும் ஒவ்வொரு நாளும் கண்ணாடியில அதைத்தான் பார்க்கிற. முதல் பத்து நாள் கிராஃப்ட் பிடிச்சிருக்காது, அந்தப் பத்து நாளும் எங்கயும் அலைய வேணாம். கொழும்பிலேயே ரூம் எடுத்து நிண்டிருக்கலாம்.

படுக்கிறது சாய்மனைக் கதிரையில, நெஞ்சை உயர்த்தி. கழுவுறது மூண்டாம் நாளில இருந்து, பேபி சம்பூவை நுரைச்சுத் தொட்டுத் தொட்டு வச்சு, கோப்பையால மெதுவாத் தண்ணி ஊத்தி. ஷவரைத் திறந்து விடாதீங்க. பத்தாம் நாளுக்குப் பிறகு பொருக்கு ஊறித் தானா வரும், நகத்தால கிள்ளக் கூடாது. எங்கட அம்மா கரிசலாங்கண்ணி போட்டுக் காய்ச்சின எண்ணெய்ப் போத்தலோட பின்னால திரிஞ்சா. "வேர் பிடிக்க எண்ணெய் வேணும்கா" எண்டு. ஒருநாள் நான் நித்திரையில கிடக்கக்குள்ள விரலை எண்ணெயில தோய்ச்சுக்கொண்டு கிட்ட வந்துட்டா. அதுக்குப் பிறகு ஒரு மாசம் அறைக் கதவைப் பூட்டிட்டுத்தான் படுத்த.

ஹெல்மட் எனக்குச் சொன்னது ரெண்டு கிழமை. போடுற கழட்டுற நேரம்தான் முன்பக்கம் உரஞ்சும். நான் மூண்டு கிழமை பஸ்ஸில போனன். வெயில் கட்டாயம் கவனம், தளர்வான தொப்பி போடுங்க. கடல், வாவி, கோயில் தீர்த்தக்குளம் எல்லாம் ஒரு மாசத்துக்கு வேணாம். லீவு பத்து நாள் எண்டா தலை ஆறும். சனம் கேள்வி கேக்கிறது நிக்க மூண்டு மாசம் வேணும், அது வேற கணக்கு.

மூண்டாம் கிழமை தொடக்கம் நட்ட முடி கொட்டும். எல்லாருக்கும்தான். தலகாணியில கிடந்ததைப் பார்த்து அம்மா அழுதா. வேர் உள்ள இருக்கும். நாலாம் மாசம் பூனைமுடி மாதிரி வந்துது, ஆறாம் மாசம் சீப்பில பிடிச்சுது, முன்பக்கம் ஒரு வருசத்தில முழுசா வந்துது. உச்சி இன்னும் வந்துகொண்டு இருக்கு. பின்னந்தலை அஞ்சு மாசம் மரத்துப்போய்க் கிடந்தது. கையை வச்சா வேற ஆள்ர தலையைத் தடவின மாதிரி இருக்கும்.

இப்ப உங்கட 5000. முன்பக்கம் ஒரு 70 சதுர சென்ரிமீட்டர் எண்டு வைங்க, சென்ரிமீட்டருக்கு 40 படி நட்டா 2800. கொழும்பு டொக்டர் போட்ட கணக்கு அதாத்தான் இருக்கும். முழுத்தலையும் 160 எண்டா 5000ஐப் பரப்பினா 31 தான் வரும். லைட்டுக்குக் கீழ தோல் தெரியும். இதில பலருக்குப் பின்னால இருந்து வாழ்நாளுக்கே எடுக்கக்கூடியது 5000, 6000க்குள்ளதான். முப்பத்திரெண்டு வயசில அவ்வளவையும் எடுத்தா அது விதைநெல்லைக் குத்திச் சோறாக்கின மாதிரி. நாப்பத்தஞ்சில அந்த நடு வரம்பும் கொட்டினா எதை வச்சு நிரப்புவீங்க? எடுத்த இடத்தில திரும்ப முளைக்காது தம்பி. பின்னால எத்தனை மிஞ்சும் எண்டு அந்தச் சென்னை இடத்தில கேட்டுப் பாருங்க. எனக்கு அண்டைக்கு அது கேக்கத் தெரியல்ல.

சாய்ந்தமருதான் எழுதினது:

கல்லடிக் காக்கா சொன்னது சரி. நான் மொட்டையோட வந்து இறங்கினதும் ஊர் முழுக்க "எப்ப மக்காவுக்கு உம்றா போய் மொட்டை அடிச்ச? சொல்லவே இல்லையே" எண்டு கேட்டுத் துளைச்சுட்டாங்க. பொய் சொல்லவும் ஏலா, உண்மை சொல்லவும் ஏலா. தொப்பியைப் போட்டுட்டுச் சிரிச்சு மழுப்பின.

ஒரு விசயம். பின்னந்தலை மட்டும்தான் கையிருப்பு எண்டு இல்ல, தாடியிலயும் எடுக்கலாம். எனக்குத் தாடைக்குக் கீழ இருந்து 600 எடுத்து உச்சிக்குப் போட்டாங்க. தாடி முடி தடிப்பு, அதால நடுவில மத்த முடியோட கலந்து நட்டா அடர்த்தி காட்டும். நெத்திக் கோட்டுக்குப் போட்டா தும்புத்தடி மாதிரி நிக்கும், விடாதீங்க. கோட்டுக்கு ஒத்தை முடிக் கிராஃப்ட்தான் சரி.

மருந்துக்கடை அக்கா எழுதினது:

குளிசை பற்றி ஆரும் சொல்லவில்லை, அதனால் எழுதுகிறேன். அந்த டொக்டர் சொன்னது பினாஸ்டரைட் 1 மில்லிகிராமாகத்தான் இருக்கும். நட்ட முடி, பின்னால் இருந்த கொட்டாத குணத்தோடேயே இருக்கும். 1959இல் நியூயோர்க்கில் ஓரென்ட்ரைக் என்ற டொக்டர் எழுதிக் காட்டியது இதைத்தான். ஆனால் நடுவில் உள்ள உங்கள் பழைய முடிக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. குளிசை, முடியை மெலிய வைக்கிற டிஎச்டி என்ற ஹோர்மோனை இரத்தத்தில் ஏறக்குறைய 70 வீதம் குறைக்கும், பலன் தெரிய ஆறு மாசமாவது செல்லும். போடாமல் நட்டால், நட்டது நிற்க, நடுவில் உள்ளது கொட்டி, முன்னால் ஒரு தீவு மாதிரி நிற்கும்.

கலியாணம் முடிக்கப் போகிறவர் என்பதால் இதையும் சொல்ல வேண்டும். சிலருக்கு ஆசை குறைவது, விறைப்பு குறைவது போன்றவை வரலாம், மனச்சோர்வும் சொல்லப்பட்டிருக்கிறது. வெட்கப்படாமல் டொக்டரோடு கதையுங்கள். உடைந்த குளிசையைக் கர்ப்பிணிகள் கையால் தொடக்கூடாது, ஆண் குழந்தைக்குப் பாதிப்பு வரலாம். கடையில் வந்து டொக்டரின் மருந்துத் துண்டு இல்லாமல் கேட்காதீர்கள், தரமாட்டேன்.

செங்கலடி சலூன் எழுதினது:

நான் டொக்டர் இல்ல மனே. ஆனா உங்கட பின்னந்தலையை உங்களை விட நான்தான் கூடப் பார்க்கிற. இருவத்திரெண்டு வருசமாத் தொழில். இப்ப மாசத்தில ரெண்டு மூண்டு பேர் இது செய்திட்டு வந்து கதிரையில இருக்காங்க. முன்னால சோக்கா இருக்கும். திருப்பிப் பின்பக்கம் மெசினை வச்சா வெள்ளை வெள்ளையாப் புள்ளி. தழும்பே இல்ல எண்டு சொல்லித்தான் செய்வாங்களாம். வரித் தழும்பு இல்ல, புள்ளித் தழும்பு இருக்கு. அளவா எடுத்த தலைக்கு மெசினில ரெண்டாம் நம்பர் போட்டு நல்லாக் கட்டையா வெட்டினாலும் தெரியாது. கண்டபடி எடுத்த தலைக்கு நாலாம் நம்பருக்குக் கீழ நான் மெசின் வைக்கிறல்ல, பாவம் எண்டு.

சில ஆக்களுக்குப் பிடரிப் பக்கமும் கீழ இருந்து மேல மெலிஞ்சு வரும். அங்க எடுத்து நட்டா அதுவும் ஒருநாள் கொட்டும். படத்தில அது தெரியா. முடியைக் கட்டையா வெட்டி, நனைச்சு, வெளிச்சத்தில நிண்டு பார்த்தாத்தான் தெரியும்.

வெத்திலைக்கொடி எழுதினது:

கல்லடி அண்ணன், சலூன் அண்ணன், காக்கா, அக்கா, நன்றி. அந்தச் சென்னை இடத்துக்குப் பின்னால எத்தனை மிஞ்சும் எண்டு மெசேஜ் போட்டன். "கவலைப்பட வேண்டாம் சார், இந்த மாசம் ஒஃபர் இருக்கு" எண்டு பதில் வந்துது. கேட்டதுக்கு மறுமொழி இல்ல.

ஆனா ஆறு மாசம் குளிசை, பிறகு ஒப்பரேசன் எண்டா கலியாணத்தண்டு மொட்டையாத்தான் மணவறையில இருக்கணும். அதுக்கு என்ன செய்யிற?

கல்லடிக்காரன் எழுதினது:

கலியாணத்துக்குப் பிறகு செய்யுங்க. இப்ப செய்தாலும் ஆவணியில முன்பக்கம் முக்கால்வாசிதான் வந்திருக்கும், உச்சி அதுவும் இல்ல. பொம்பிளைக்கு இப்பவே சொல்லிருங்க. நான் சொல்லாம மறைச்சுப் பட்டபாடு வேற கதை, இங்க எழுத ஏலா, மனிசியும் இதை வாசிக்கிறவ.

செங்கலடி சலூன் எழுதினது:

மணவறைக்கு நான் வெட்டித் தாறன் மனே. பக்கத்தை நல்லாக் கட்டையாக்கினா மேல உள்ளது கூடின மாதிரித் தெரியும், மிச்சத்துக்கு முடித் தூள் இருக்கு. அதுக்கு மேல தலைப்பாகை வேற கட்டுவாங்க, ஆருக்குத் தெரியும்? அதுக்கு முதல் ஒருக்கா வாங்க, பின்னந்தலையை நனைச்சுப் பார்த்துட்டுச் சொல்றன். செவ்வாய் வராதீங்க, கடை பூட்டு.