புதுப்பிப்பு: படிவம் அனுப்பியதும் நன்றிப் பக்கத்துக்குப் போகாத சிக்கல்

போன வாரம் கேட்டிருந்தேனே, மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் அத்தை நடத்தும் கேட்டரிங் தளத்தில் தொடர்புப் படிவத்தை அனுப்பினால் நன்றிப் பக்கம் வராமல், 'ஹெடர் ஏற்கெனவே போய்விட்டது' (ஹெடர் என்பது பக்கத்துக்கு முன்னால் சர்வர் உலாவிக்கு அனுப்பும் குறிப்பு) என்ற எச்சரிக்கைதான் வருகிறது என்று. சரியாகிவிட்டது.

அந்த எச்சரிக்கைக்குக் காரணம் பிஎச்பி (சர்வரில் ஓடும் நிரல்மொழி) கோடில் இல்லை. கோப்பை நோட்பேடில் 'பிஓஎம் உள்ள யூடிஎஃப்-8' ஆகச் சேமித்திருக்கிறேன். யூடிஎஃப்-8 என்பது எழுத்துகளைச் சேமிக்கும் முறை, பிஓஎம் என்பது கோப்பின் தொடக்கத்தில் சேரும் அடையாளக் குறி. கண்ணுக்குத் தெரியாத அந்த 3 பைட், பிஎச்பி தொடங்குமுன்பே உலாவிக்குப் போய்விடுகிறது. அதற்கு மேல், நன்றிப் பக்கத்துக்குப் போகச் சொல்லும் லொகேஷன் ஹெடரை அனுப்ப வழியில்லை. பிஓஎம் இல்லாமல் சேமித்தேன், ஓடியது. இதற்கா இரண்டு நாள் தூக்கம் கெட்டது!

ஸ்கிரிப்டை அங்கேயே நிறுத்தும் எக்ஸிட் கட்டளையைப் போடச் சொன்ன அண்ணனுக்குத் தனி நன்றி. லொகேஷன் ஹெடர் கொடுத்ததால் மட்டும் ஸ்கிரிப்ட் நிற்பதில்லை, கீழே உள்ள வரிகளும் ஓடும். என்னுடையதில் அங்கே இன்னொரு மின்னஞ்சல் வரி கிடந்தது.

அப்புறம், வேறு பக்கத்துக்குத் திருப்பும்போது சர்வர் அனுப்பும் நிலை எண்ணாக, வழக்கமான 302-க்குப் பதில் 303 வைத்தேன். உலாவி நன்றிப் பக்கத்தை கெட் முறையில், அதாவது படிவத்தை அனுப்பாமல் பக்கத்தை மட்டும் கேட்கும். ரிஃப்ரெஷ் செய்தாலும் படிவம் மறுபடி போகாது. முன்பு ஒரு தோட்டத்துக் கல்யாண ஆர்டர் மூன்று முறை வந்து, அத்தை 900 பேருக்கு அரிசி வாங்கக் கிளம்பிவிட்டார்.