கார்பன் ஆர்க் விளக்குப் புகையும் நுரையீரல் புள்ளிகளும்: அருமண் உலோகங்கள் காரணமாக இருக்குமா?

கேள்வி (தென்காசிக்காரன்):
என் தந்தையார் 1960களின் பிற்பகுதியில் டூரிங் டாக்கீஸில் புரொஜெக்டர் ஆபரேட்டராகச் சேர்ந்து, பின்னர் ஒரு சிற்றூர்த் திரையரங்கில் ஓய்வு பெறும்வரை அதே வேலையைச் செய்தவர். புகைப்பழக்கம் கிடையாது. அண்மைக் காலமாகப் படியேறினால் மூச்சு வாங்குவதால் எடுத்த சி.டி. ஸ்கேனில், இரு நுரையீரல்களிலும் அடர்ந்த சிறு வெண்புள்ளிகள் தெரிகின்றன. சளிப் பரிசோதனையில் காசநோய் இல்லை என்று வந்தது. கல் குவாரியில் வேலை பார்த்தாரா என்று மருத்துவர் கேட்டார், பார்க்கவில்லை. அக்காலத்துப் புரொஜெக்டர் விளக்கில் ஒளிக்காக எரித்த கார்பன் குச்சிகளில் சீரியம் போன்ற அருமண் உலோகங்கள் கலந்திருந்ததாகப் படித்தேன். அவை காரணமாக இருக்க முடியுமா? முதுகுத்தண்டுக்கு மருந்து செலுத்தி எம்.ஆர்.ஐ. எடுக்கவும் சொல்லியிருக்கிறார்கள். அந்த மருந்திலும் காடோலினியம் என்ற அருமண் உலோகம் இருக்கிறதாம். அவருக்கோ சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின் இரத்தத்தில் சற்றுக் கூடுதலாக உள்ளது.

பதில் (தொழில்நல மருத்துவர், ஓய்வு):
இருக்க முடியும். ஒளி வெண்மையாகவும் வலுவாகவும் வருவதற்காகக் கார்பன் குச்சியின் நடுத்தண்டில் சீரியம், லாந்தனம் முதலியவற்றின் ஃபுளோரைடுகளைச் சேர்ப்பார்கள். குச்சி எரியும்போது அவை நுண்ணிய புகைத்துகளாக வெளியேறும். அச்சகங்களில் இதே விளக்கின் ஒளியில் பிளாக் (படம் அச்சிடும் உலோகத் தகடு) தயாரித்தவர்களிடம் இந்தத் தூசி நுரையீரல் நோய் கண்டறியப்பட்டிருக்கிறது. இறந்துபோன ஒரு திரையரங்க ஆபரேட்டரின் நுரையீரலில் அருமண் படிவுகள் இருந்தது 1990இல் ஆஸ்திரேலிய மருத்துவ இதழில் வெளியானது.

சீரியத்தின் அணு எண் 58, கால்சியத்தின் அணு எண் 20. அணு எண் கூடிய தனிமம் எக்ஸ்ரேயை அதிகம் தடுக்கும். அதனால் மிகச் சிறிய படிவுகூட எக்ஸ்ரேயில் பளிச்சென்று தெரியும்; புள்ளிகளின் எண்ணிக்கையைக் கண்டு மட்டும் அஞ்ச வேண்டியதில்லை. சிலருக்கு அது வெறும் படிவாகவே நின்றுவிடுகிறது, சிலருக்கு நுரையீரல் இழைமமாகித் தடித்துப் போகிறது. இழைமமாவதற்குக் காரணம் அந்த உலோகங்களா, அல்லது மணவாளக்குறிச்சி மணலில் இருப்பது போன்ற மோனசைட் என்ற கனிமத்திலிருந்து அவற்றோடு ஒட்டிவரும் தோரியத்தின் கதிர்வீச்சா என்பது நெடுநாள் விவாதம்.

எந்த வழியில் உடலுக்குள் போகிறது என்பதே இங்கு முக்கியம். சிறுநீரக நோயாளிகளுக்கு இரத்தத்தில் பாஸ்பேட் ஏறாமலிருக்க லாந்தனம் கார்பனேட் மாத்திரையைத் தருகிறோம். குடல் அதை அநேகமாக உறிஞ்சுவதே இல்லை. மூச்சின் வழியே நுரையீரலின் ஆழத்துக்குப் போன துகளோ, வேலையை விட்டுப் பல பத்தாண்டுகள் கழிந்த பிறகும் அங்கேயே இருக்கக்கூடும்.

உறுதியாகச் சொல்ல வேண்டுமானால் நுரையீரலைக் கழுவியெடுத்த நீரையோ திசுவையோ மின்னணு நுண்ணோக்கியில் பகுப்பாய்வு செய்ய வேண்டும். இந்த வயதில் அதற்கு நான் அவசரப்பட மாட்டேன், ஏனெனில் உறுதியானாலும் படிவை அகற்ற மருந்து இல்லை. மூச்சுத்திறன் சோதனை செய்து, சில மாதங்கள் கழித்து மீண்டும் ஒப்பிட்டுப் பாருங்கள். மூச்சிரைப்புக்கு இதயம் காரணமா என்பதையும் பார்த்துவிட வேண்டும். தொழில் விவரத்தை மருத்துவரிடம் எழுதியே கொடுங்கள்; சினிமா ஆபரேட்டர் என்றால் இளைய மருத்துவர்களுக்குக் கார்பன் குச்சி நினைவுக்கு வராது.

பதில் (பழைய ஆபரேட்டர்):
ஐயா சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். எல்லா கேபினும் ஒன்று போல இருக்கவில்லை. விளக்குக் கூண்டுக்கு மேலே புகைக்குழாய் பொருத்தி, கூரைக்கு வெளியே விசிறி வைத்து இழுத்த அரங்குகளில் புகை குறைவாகவே தங்கும். குழாய் துருப்பிடித்து ஓட்டையான இடங்களிலும், தீக்கு அஞ்சி எல்லாப் பக்கமும் அடைத்துக் கட்டிய அறைகளிலும், இரண்டாம் ஆட்டம் முடிவதற்குள் தொண்டை கரகரத்துவிடும். குழிக்கண்ணாடியின் மேல் படியும் சாம்பலைப் பலர் வாயால் ஊதியே துடைப்பார்கள். உங்கள் தந்தையார் எப்படிப்பட்ட கேபினில் இருந்தார், அரங்கம் எந்த ஆண்டில் கார்பன் குச்சியை விட்டு ஜெனான் வாயு விளக்குக்கு மாறியது என்ற இரண்டையும் கேட்டு மருத்துவரிடம் சொல்லுங்கள்.

பதில் (கதிரியக்கத் துறை):
எம்.ஆர்.ஐ. பற்றி மட்டும் சொல்கிறேன். நுரையீரல் படிவுக்கும் இந்த ஊசிக்கும் தொடர்பில்லை. சிறுநீரகத்தைத்தான் பார்க்க வேண்டும். தனித்த காடோலினியம் அயனி கால்சியத்தின் இடத்தைப் பிடித்துக்கொண்டு நச்சாகும் என்பதால், அதை ஒரு கரிமக் கூட்டுக்குள் பூட்டித்தான் செலுத்துகிறோம். நல்ல சிறுநீரகம் அதில் பாதியை இரண்டு மணி நேரத்துக்குள் வெளியேற்றிவிடும். பழுதடைந்த சிறுநீரகத்தில் அது நெடுநேரம் தங்க, பூட்டு நெகிழ்ந்து, தோலும் மூட்டும் இறுகிப்போகும் நோய் சிலருக்கு வந்தது. அதற்கும் காடோலினியத்துக்கும் உள்ள தொடர்பு 2006இல் வெளிப்பட்டது. மறு ஆண்டே அமெரிக்காவில் கடும் எச்சரிக்கை கட்டாயமாயிற்று. உலோகத்தைத் தளர்வாகப் பிடிக்கும் நேர்கோட்டு வகை மருந்துகளில் சிலவற்றை 2017இல் ஐரோப்பாவில் நிறுத்திவைத்தார்கள். வளைய வடிவில் இறுகப் பிடிக்கும் காடோடெரேட், காடோபியூட்ரால் போன்றவற்றில் அந்த நோய் மிகமிக அரிது.

தசை மெலிந்த முதியவருக்குக் கிரியாட்டினின் மட்டும் உண்மையைச் சொல்லாது, ஆகவே சிறுநீரகத்தின் வடிகட்டும் திறனைக் காட்டும் இ.ஜி.எஃப்.ஆர். அளவைக் கணக்கிட்டுத் தரக் கேளுங்கள். 30க்கு மேல் இருந்தால் வளைய வகையைப் போட்டுக்கொள்ளத் தயங்க வேண்டாம். அதற்குக் கீழே இருந்தால், மருந்து இல்லாமலே எடுக்கும் எம்.ஆர்.ஐ. போதுமா என்று முதலில் கேட்டுவிடுங்கள். தேய்மானம், டிஸ்க் விலகல் போன்றவற்றுக்குப் பெரும்பாலும் அதுவே போதும்.