பர்னார்டோ இல்லத்துச் சிறுவர் படங்கள்: 'முன்', 'பின்' இரண்டையும் நம்பலாமா?

மழைக்காகம்:
சமூகப்பணி முதுகலை படிக்கிறேன். குழந்தைகள் இல்லங்களின் வரலாறு பற்றி வகுப்பில் பேச வேண்டும். படம் தேடியபோது லண்டன் பர்னார்டோ இல்லத்தின் 1870களின் அட்டைகள் கிடைத்தன. ஒன்றில் கந்தலும் வெறுங்காலுமாக ஒரு பையன், அதன் ஜோடியில் அதே பையன் குளித்துத் தலைவாரி, பொத்தான் வைத்த சட்டையோடு. கீழே 'முன்பு சின்ன நாடோடி, இப்போது சின்னத் தொழிலாளி' என்கிற மாதிரி ஒரு வரி. பார்த்தவுடனே மனசு இளகிவிடுகிறது. ஆனால் கூடப் படிக்கும் தோழி இதெல்லாம் செட்டப் என்கிறாள். அப்படியானால் ஸ்லைடில் போடவே கூடாதா?

பழையபெட்டி:
தோழி சொல்வது சரிதான், ஆனால் பாதிதான். இந்த இல்லங்களை நிறுவிய தாமஸ் பர்னார்டோ 1870இல் லண்டனின் ஸ்டெப்னி காஸ்வே தெருவில் பையன்களுக்கான இல்லத்தைத் திறந்தார், 1874இல் இல்லத்துக்கென்றே போட்டோ எடுக்க ஏற்பாடு செய்தார். நீங்கள் சொல்லும் ஜோடி அட்டைகள் விற்பனைக்காக எடுத்தவை. ஒன்று ஆறு பென்னி, இருபது சேர்த்து வாங்கினால் ஐந்து ஷில்லிங், அதாவது மொத்தமாக வாங்கினால் பாதி விலை (வியாபாரம் தெரிந்த மனுஷன்!). ஜார்ஜ் ரெனால்ட்ஸ் என்ற பாதிரியார் இதை எதிர்த்துக் கிளம்பினார். பிள்ளைகளின் துணியை இன்னும் கிழித்துவிட்டுத்தான் படம் எடுக்கிறார்கள், ஷூ பாலிஷ் போட்டே அறியாத பையன் முதுகில் பாலிஷ் பெட்டியை மாட்டி நிற்க வைக்கிறார்கள் என்றெல்லாம் எழுதினார். 1877இல் நடுவர் விசாரணை வரைக்கும் போனது. தன் மகளை வெறுங்காலோடு பேப்பர் விற்கிற பெண்ணாகக் காட்டிவிட்டார்கள் என்று ஒரு தாயும் புகார் சொன்னார். மற்ற குற்றச்சாட்டுகள் பெரும்பாலானவற்றிலிருந்து பர்னார்டோ தப்பித்தார், படங்களை மட்டும் நடுவர்கள் விடவில்லை. 'கலைப் புனைவு' என்றார்கள், உண்மையின் இடத்தில் இதை வைப்பது தவறு என்றார்கள். அதோடு அந்த மாதிரிப் படங்கள் நின்றன.

ஈரோட்டுக்காரன்:
எனக்கு இதில் கொஞ்சம் மாற்றுக் கருத்து. பிள்ளைகள் பட்டினி கிடந்தது பொய்யா? காசு கொடுக்கிறவன் படம் பார்த்தால்தான் கொடுப்பான், இன்றைக்கும் நன்கொடை விளம்பரம் அப்படித்தானே ஓடுகிறது. அந்தக் காசில் சாப்பிட்ட பிள்ளைகள் உண்மை.

பழையபெட்டி:
ஈரோட்டுக்காரரே, பட்டினியை யார் மறுத்தார்கள்? அந்தப் பையன் யார் என்பதை மாற்றி எழுதியதுதான் பிரச்சினை. ஒரு வகையான பிள்ளைகளின் நிலையைக் காட்டுகிறேன் என்றுதான் பர்னார்டோவும் வாதாடினார், ஆனால் அட்டையை வாங்கியவர்கள் அதில் இருக்கிற பிள்ளையின் சொந்தக் கதை என்றுதான் நம்பினார்கள்.

மழைக்காகம், மீதிப் பாதிக்கு வருகிறேன். அதே ஸ்டுடியோவில் இல்லத்தின் பதிவேட்டுக்காகவும் எடுத்தார்கள், அது 1877க்குப் பிறகும் நிற்கவில்லை. 1905இல் பர்னார்டோ இறப்பதற்குள் சுமார் 55,000 படங்கள் சேர்ந்துவிட்டன. பிள்ளை வந்து சேர்ந்ததும் ஒரு படம், அதோடு விவரக் குறிப்பு, விற்பதற்கான தலைப்பெல்லாம் கிடையாது. அந்த முகங்களைப் பாருங்கள், பெரும்பாலும் சிரிப்பும் இல்லை அழுகையும் இல்லை, நேராகக் கேமராவைப் பார்க்கிற பார்வைதான். பர்னார்டோ இல்லங்களிலிருந்து மட்டும் காலப்போக்கில் சுமார் 30,000 பிள்ளைகளைப் பண்ணை வேலைக்கும் வீட்டு வேலைக்கும் கனடாவுக்குக் கப்பலேற்றினார்கள். அங்கே இருக்கிற பேரப்பிள்ளைகளில் சிலருக்குத் தாத்தாவின் சின்ன வயது முகம் என்று இருப்பதே இந்தப் பதிவேட்டுப் படம் ஒன்றுதான். என்னைக் கேட்டால் ஜோடி அட்டை ஒன்று, பதிவேட்டுப் படம் ஒன்று, இரண்டையும் போடுங்கள்.

நூலகவாசி:
ஒப்பிட ஆசைப்பட்டால் அமெரிக்காவில் கார்லைல் பூர்வகுடிப் பள்ளியின் படங்களையும் சேருங்கள். பூர்வகுடிப் பிள்ளைகளின் மொழியையும் பழக்கத்தையும் விடவைத்து வெள்ளையர் மாதிரி ஆக்குவதற்கென்றே நடத்திய விடுதிப் பள்ளி அது. டாம் டார்லினோ என்ற நவாஹோ பூர்வகுடி இளைஞரை 1882இல் வந்த கோலத்திலும், 1885இல் முடி வெட்டி சூட் போட்டும் எடுத்தார்கள். இரண்டாவதில் தோல் நிறமே வெளுத்துத் தெரியும். அங்கே துணியைக் கிழிக்கவில்லை, வெளிச்சத்தை மாற்றினாலே போதுமாக இருந்தது. அதே வித்தைதான், என்ன, நோக்கம் இன்னும் மோசம்.

மழைக்காகம்:
எல்லோருக்கும் நன்றி. அட்டைக்குக் கீழே இப்படிப் போடுகிறேன், சரியா: 'நிதி திரட்ட ஸ்டுடியோவில் அமைத்து எடுத்த படம், லண்டன், 1870கள். படத்தில் ஓர் அனாதைச் சிறுவன்.'

பழையபெட்டி:
முதல் வரி அருமை. 'அனாதை'யை எடுத்துவிடுங்கள். அங்கே இருந்த நிறையப் பேருக்கு அம்மாவோ அப்பாவோ உயிரோடு இருந்தார்கள், விசாரணைக்கே ஒரு தாய் வரவில்லையா? வெறுமனே 'சிறுவன்' போதும்.