சப்டைட்டில் படிக்க முடியாதவர்களுக்கு எந்த ஐரோப்பியப் படம் போடலாம்?

கொருக்குப்பேட்டை:
எங்கள் தெரு படிப்பகத்தில் ஞாயிறு சாயங்காலம் படம் போடுகிறோம். வருகிறவர்களில் பாதிப் பேர் ஹார்பரிலும் காசிமேட்டிலும் உழைத்து ஓய்ந்த பெரியவர்கள். லியோனியின் 'தி குட், தி பேட் அண்ட் தி அக்லி' (1966) போட்டபோது கடைசிக் கல்லறைக் காட்சியில் ஒருத்தர்கூட டீ குடிக்க எழுந்து போகவில்லை. அடுத்து பிரெஞ்சு, இத்தாலிய க்ரைம் படங்கள் போட ஆசை. ஆனால் ஆங்கில சப்டைட்டில் அவர்களுக்கு எட்டாது, நான் நடுவில் கதை சொல்லிக்கொண்டே இருந்தால் படமே கெட்டுப்போகிறது. பேச்சை நம்பி நிற்காத படங்களாகச் சொல்லுங்கள்.

பெரம்பூர் லோகோ:
'ரிஃபிஃபி' (1955), யோசிக்கவே வேண்டாம். ஹாலிவுட்டில் கம்யூனிஸ்ட் முத்திரை குத்தி வேலை மறுக்கப்பட்ட ஜூல்ஸ் டாசின் பிரான்ஸுக்குப் போய் எடுத்தது, கான் விழாவில் சிறந்த இயக்குநர் பரிசு வாங்கியது. நகைக்கடைக்கு மேல்வீட்டுத் தரையை ஓட்டை போட்டு இறங்குகிறார்கள், கிட்டத்தட்ட அரை மணி நேரம் வசனமும் கிடையாது, இசையும் கிடையாது. முதலில் சின்ன ஓட்டை, அதில் மடக்கிய குடையை விட்டுக் கீழே விரிக்கிறார்கள், உடைகிற காரைத் துண்டெல்லாம் சத்தமில்லாமல் குடையில் விழுகிறது. அலாரத்துக்குள் தீயணைப்பான் நுரையை அடித்து வாயை அடைக்கிறார்கள். கருவி பிடித்து வேலை செய்தவர்களுக்கு இதில் என்ன நடக்கிறது என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

வியாசர்பாடி:
பிரெஞ்சு இயக்குநர் மெல்வில்லை விட்டுவிட்டீர்களே! 'லெ சாமுராய்' (1967) ஆரம்பத்தில் ஏறக்குறைய பத்து நிமிஷம் ஒரு சொல் கிடையாது. நடிகர் ஆலன் டெலோன், ஒரு அறை, கூண்டில் ஒரு குருவி. அதையே முதலில் போடுங்கள்.

பெரம்பூர் லோகோ:
மெல்வில் எனக்கும் உயிர், ஆனால் முதல் படமாக வேண்டாம் நண்பா. அதில் மௌனம் ஒரு தனி ஆளின் குணம், வெளியிலிருந்து பார்க்கிறவருக்குப் பிடிபட நேரமாகும். ரிஃபிஃபியில் பேசினால் மாட்டிக்கொள்வார்கள், அதனால் பேசவில்லை, அவ்வளவுதான். அதே காரணத்துக்காக ஜாக் பெக்கரின் 'லெ த்ரூ'வையும் (1960) சொல்வேன். சிறைக்குள்ளிருந்து சுரங்கம் தோண்டுகிற கதை. சிமெண்ட் தரையை இரும்பால் அடித்து உடைப்பதை வெட்டாமல் ஒரே ஷாட்டில் காட்டுவார், பார்க்கிற நமக்கே தோள் வலிக்கும். நடித்தவர்களில் ஒருவரான ஜான் கெரோடி, 1947இல் நிஜமாகவே அந்தத் தப்பிக்கும் முயற்சியில் இருந்தவர்.

ராயபுரம் அக்கா:
வெஸ்டர்ன் பார்த்துப் பழகியவர்களுக்கு கொர்புச்சியின் 'தி கிரேட் சைலன்ஸ்' (1968) சரியாக இருக்கும் தம்பி. ஹீரோவே ஊமை, படம் முழுக்கப் பனி, மோரிக்கோனே இசை. முடிவு மட்டும் ரொம்பக் கொடூரம், குழந்தைகள் வருகிற நாளில் போடாதீர்கள். அப்புறம், நம் கர்ணன் எடுத்த 'கங்கா'வும் (1972) ஒரு நாள் போடுங்கள், ஜெய்சங்கர் குதிரையில் வந்தால் அந்தப் பெரியவர்களே உங்களுக்குக் கதை சொல்வார்கள்.

கொருக்குப்பேட்டை:
நன்றி அண்ணா, அக்கா. இந்த வாரம் ரிஃபிஃபி. முதல் பாதியில் பேச்சு அதிகம் என்பதால் ஆட்கள் யார் யார் என்று முன்னாலேயே ஐந்து நிமிஷம் சொல்லிவிட்டு, அப்புறம் வாயைத் திறக்காமல் உட்காரப் போகிறேன். லெ த்ரூ அதற்கடுத்து.