நாய்க்குட்டித் தடுப்பூசி: நாள் கணக்கும் பாதுகாப்பும் (கொழும்பிலிருந்து அனுபவப் பகிர்வு)

வெள்ளவத்தை, மிருக வைத்திய உதவியாளர்

"மூன்று ஊசியும் போட்டாச்சு, பிறகும் பார்வோ வந்திட்டுது." பார்வோ என்பது குட்டிகளைக் கொல்லும் வைரஸ் கழிச்சல் நோய். இந்த முறைப்பாட்டோடு வரும் ஊசி அட்டைகளைத் திறந்தால் பெரும்பாலும் ஒரே கோலம்தான்: 5 வாரத்தில் ஒன்று, 7 வாரத்தில் ஒன்று, 10 வாரத்தில் ஒன்று. எண்ணிக்கையில் குறை இல்லை. 16 வாரத்துக்கு நேராக மட்டும் வெறுமை.

குட்டி பிறந்த முதல் நாளில் குடிக்கும் சீம்பாலோடு தாயின் பிறபொருளெதிரிகளும் (நோய்க்கிருமியை எதிர்க்கும் புரதங்கள்) உள்ளே போகின்றன. பார்வோவுக்கு எதிரானவை ஏறத்தாழ 10 நாளுக்கு ஒருமுறை பாதியாகக் குறையும். தாய் ஒழுங்காக ஊசி போட்ட நாய் என்றால் தொடக்க அளவு அதிகம், அதனால் அவை தீரவும் நாள் எடுக்கும். சில குட்டிகளுக்கு 6 வாரத்திலேயே தீர்ந்துவிடும், சிலதுக்கு 16 வாரம் வரை இழுக்கும். ஒரே ஈற்றுக் குட்டிகளிலும் இது வேறுபடும். தாயிடமிருந்து வந்தது இருக்கும்வரை, ஊசியில் உள்ள வலுக்குறைத்த வைரஸையும் அதுவே அழித்துவிடும், ஊசி வீண்.

இதிலுள்ள சிக்கல் என்னவென்றால், நோயைத் தடுக்கப் போதாத அளவுக்குக் குறைந்த பிறகும் ஊசியைக் கெடுக்க அது போதும். இடையிலுள்ள அந்த 2, 3 வாரம் குட்டிக்கு எந்தப் பக்கத்தாலும் காவல் இல்லை. அது எப்போது வரும் என்று வெளியே நின்று சொல்ல முடியாததால்தான் 6 முதல் 8 வாரத்தில் தொடங்கி, 2 முதல் 4 வார இடைவெளியில் போட்டு, கடைசி ஊசியை 16 வாரம் நிறைந்த பிறகு போடச் சொல்கிறார்கள். பிறகு 26 வாரத்தில் இன்னொன்று. முன்பு இதை ஒரு வயதில் போடுவார்கள். இப்போதைய உலக வழிகாட்டல் முன்னுக்குக் கொண்டுவந்ததன் காரணம், 16 வாரத்திலும் பிடிக்காமல் போன சில குட்டிகளை ஒரு வருடம் காவலின்றி விடக்கூடாது என்பதே.

நாட்காட்டியில் வைத்துப் பாருங்கோ. தைப்பொங்கலன்று, ஜனவரி 15இல் பிறந்த குட்டி என்றால் (லீப் வருடம் இல்லாவிட்டால்) 8 வாரம் மார்ச் 12, 12 வாரம் ஏப்ரல் 9, 16 வாரம் மே 7, 26 வாரம் ஜூலை 16. சித்திரைப் புத்தாண்டுக் கிழமையில் கிளினிக் பூட்டு, ஆகவே ஏப்ரல் 9ஐத் தவறவிடாதேங்கோ. மே 7 வெசாக் விடுமுறைக்குள் அகப்பட்டால் சில நாள் பின்னுக்குத் தள்ளலாம். முன்னுக்கு இழுக்கக் கூடாது. இரண்டு உயிர்வைரஸ் ஊசிகளுக்கு இடையில் 2 வாரத்துக்குக் குறைவாகவும் இருக்கக் கூடாது. முதலாவது கிளப்பிவிட்ட எதிர்ப்பு இரண்டாவதை வேலை செய்ய விடாது. "கெதியா முடிப்பம்" என்று வாரம் ஒன்று போடுவது காசுக்குப் பிடித்த கேடு.

கொட்டாஞ்சேனை, குட்டிகள் வளர்த்துக் கொடுப்பவர்

அட்டையை எப்படி வாசிப்பது என்பதை அண்ணா சொன்னதோடு சேர்க்க வேண்டும். நம்பத்தக்க அட்டையில் ஒவ்வொரு ஊசிக்கும் குப்பியிலிருந்து உரித்து ஒட்டிய லேபிள் இருக்கும். அதில் தொகுதி இலக்கமும் காலாவதித் திகதியும் காணலாம். பக்கத்தில் போட்ட திகதி, மிருக வைத்தியரின் கையெழுத்து, பதிவு இலக்கத்தோடு முத்திரை. "வக்சினேட்டட்" என்று பேனாவால் எழுதி ஒரு கிறுக்கல் மட்டும் இருந்தால் போடவில்லை என்றே எடுத்துக்கொண்டு புதிதாகத் தொடங்குவது நல்லது. முன்பே உண்மையில் போட்டிருந்தாலும் 2 வாரம் கழிந்திருந்தால் மேலதிகமாக ஒன்று போடுவதால் கெடுதி இல்லை.

விளம்பரத்தில் "6 வாரம், 3 ஊசி முடிந்தது" என்று இருந்தால் பேச்சை அங்கேயே முடித்துவிடலாம். அந்தக் கணக்கு எப்படிப் போட்டாலும் வராது.

தெருவில் எடுத்த குட்டிக்குப் பிறந்த திகதி யாருக்குத் தெரியும்? பல்லைப் பாருங்கள். 8 வாரமளவில் பால்பற்கள் 28உம் வந்திருக்கும். முன்பற்கள் விழுந்து பெரிய பற்கள் முளைக்கத் தொடங்குவது 3 முதல் 4 மாதத்தில். சந்தேகம் என்றால் குறைந்த வயதையே எழுதுங்கள். அப்போது கடைசி ஊசி தானாகப் பின்னுக்குப் போகும், அதில் நட்டம் இல்லை.

தெஹிவளை, கிளினிக் நடத்துபவர்

நாள் சரியாக இருந்தும் ஊசி பிடிக்காமல் போவதற்கு அடுத்த காரணம் குளிர். எல்லாத் தடுப்பூசியும் 2 முதல் 8 பாகை செல்சியஸுக்குள் இருக்க வேண்டும். பார்வோவோடு டிஸ்டெம்பர், அடினோ என்ற வேறு இரண்டு வைரஸ் நோய்களுக்கும் சேர்த்துப் போடும் கூட்டு ஊசி உலர்ந்த வில்லையாக வரும். அதில் இருப்பது உயிருள்ள வைரஸ், சூடும் வெயிலும் அதைக் கொன்றுவிடும். எலிக்காய்ச்சல் ஊசியும் விசர்நாய் நோய் ஊசியும் கொல்லப்பட்ட கிருமியால் ஆன திரவம். இவற்றுக்கு எதிரி மறுபக்கம்: உறைந்தால் கெடும். வீட்டுப் பிரிட்ஜில் உறைபெட்டிக்குக் கீழே, பின்சுவரோடு ஒட்டி வைப்பதும், ஐஸ் கட்டியில் நேரடியாகப் புதைத்துக் கொண்டுவருவதும் இப்படித்தான் ஊசியைக் கெடுக்கும். ஐஸ் பொதிக்கும் குப்பிக்கும் இடையில் துணியோ கடதாசியோ கட்டாயம். மதிய வெயிலில், வாகன நெரிசலில், ஆட்டோவில் சொப்பிங் பையோடு வந்த குப்பியைப் போடச் சொல்லிக் கேட்டால் மறுப்பதுதான் முறை.

2022இல் ஒரு நாளில் 13 மணி நேரம் வரை மின்வெட்டு இருந்ததே, அதற்குப் பிறகு "உங்களிட்ட ஜெனரேற்றர் இருக்கா?" என்று கேட்பவர்கள் கூடிவிட்டார்கள். நல்ல கேள்வி. இன்னும் நல்ல கேள்வி: "பிரிட்ஜுக்குள் வெப்பமானி இருக்கா, நாளுக்கு இரண்டு தரம் எழுதுகிறீர்களா?"

போடும்போது கவனிக்க வேண்டியவை. வில்லையைக் கரைப்பது அதற்கென்று வந்த திரவத்தால். சில நிறுவனங்களின் எலிக்காய்ச்சல் ஊசியைக் கரைதிரவமாகவே பாவிக்கலாம். லேபிளில் எழுதியிருந்தால் மட்டும். ஒரு நிறுவனத்தின் வில்லையை இன்னொன்றின் திரவத்தில் கரைக்கக் கூடாது. கரைத்ததும் உடனே போட வேண்டும், காலையில் கரைத்து வரிசையாகப் பத்துக் குட்டிக்கு வைத்திருப்பது இல்லை. ஸ்பிரிட் பூசினால் தோல் காயும்வரை பொறுக்க வேண்டும், ஈரமான ஸ்பிரிட் உயிர்வைரஸைக் கெடுக்கும்.

அளவு ஒரு குப்பி முழுவதும், பெரும்பாலும் 1 மில்லிலீற்றர். பொமேரியன் சின்னன், அரைவாசி போதும் என்பது தவறு. எதிர்ப்பைத் தூண்ட ஓர் ஆகக்குறைந்த அளவு கிருமி வேண்டும், அது உடல் நிறையோடு கூடிக்குறையாது. சின்ன நாய்க்கு ஆபத்துக் குறைய வேண்டும் என்றால் அளவைக் குறைக்காமல் நாளைப் பிரியுங்கள்: இன்று கூட்டு ஊசி, 2 வாரம் கழித்து எலிக்காய்ச்சல்.

பிரிப்பதற்குக் காரணம் இருக்கிறது. அமெரிக்காவில் 2002–2003இல் ஊசி போட்ட 12 இலட்சத்துக்கு மேற்பட்ட நாய்களின் பதிவுகளை ஆராய்ந்தபோது, 3 நாளுக்குள் ஏதாவது விளைவு காட்டியவை 10,000க்கு ஏறத்தாழ 38. நாய் சின்னதாக இருக்க இருக்க ஆபத்துக் கூடியது. 10 கிலோவுக்கு உட்பட்டவற்றில் ஒரே தடவை போட்ட ஒவ்வொரு மேலதிக ஊசிக்கும் ஆபத்து 27 வீதம் ஏறியது. பெரிய நாய்களில் 12 வீதம்.

ஊசிக்கு முன் வெப்பநிலை பார்க்க வேண்டும். 38.3 முதல் 39.2 வரை சாதாரணம். 39.5க்கு மேல் என்றால், அல்லது முரசு (பல் ஈறு) வெளுத்திருந்தால், தள்ளிப்போடுங்கள். கொழும்பில் வெளுத்த முரசுக்கு முதல் சந்தேகம் உண்ணிக் காய்ச்சல். வயிற்றில் பூச்சி இருக்கிறது என்பது மட்டும் ஊசியை நிறுத்தக் காரணம் ஆகாது. பூச்சி மருந்து 2 வாரத்திலிருந்து 8 வாரம் வரை இரு வாரத்துக்கு ஒருமுறை, பிறகு 6 மாதம் வரை மாதம் ஒருமுறை. அது தன் பாட்டில் நடக்கட்டும்.

பிறகு நடப்பது: ஒரு நாள், இரண்டு நாள் சோர்வு, கொஞ்சம் காய்ச்சல், சாப்பாட்டில் மனமின்மை. ஊசி போட்ட இடத்தில் பட்டாணியளவு கட்டி சில வாரம் இருக்கலாம். வளர்ந்தால் காட்டுங்கள். முகம், கண்மடல் வீங்குவது, தோலில் தடிப்பு எழும்புவது சில நிமிடங்களிலிருந்து சில மணி நேரத்துக்குள் வரும். அன்றே திரும்பி வர வேண்டும். நாய்களில் கடும் ஒவ்வாமை முதலில் வயிற்றில்தான் தெரியும்: திடீர் வாந்தி, கழிச்சல், வெளுத்த முரசு, தள்ளாட்டம். "கார் ஒத்துக்கொள்ளவில்லை" என்று வீட்டார் விட்டுவிடுவது இதைத்தான். மருந்து அட்ரினலின், 1:1000 கரைசலில் கிலோவுக்கு 0.01 மில்லிலீற்றர் தசையில். 3 கிலோ குட்டிக்கு 0.03 மில்லிலீற்றர். இவ்வளவு நுண்ணிய அளவு உடனே கையில் இருக்க வேண்டும் என்பதால்தான் வீட்டில் வைத்துத் தெரிந்த ஒருவரைக் கொண்டு ஊசி போடுவது சரிவராது.

அரை மணி நேரம் கிளினிக் வாசலில் இருந்துவிட்டுப் போங்கள். சனிக்கிழமை இரவு 7 மணிக்கு வராமல் வார நாளில் காலையில் வாருங்கள். வீக்கம் மத்தியானம் வந்தால் ஓடிவர ஆள் இருக்கும். பனடோல், இபுபுரோஃபென் எதுவும் வீட்டில் கொடுக்க வேண்டாம்.

பம்பலப்பிட்டி

இரண்டாவது ஊசி 12 வாரத்தில் முடிந்த குட்டியைக் கடலோர வீதியான மெரைன் டிரைவில் நடத்தலாமா? தொடர்மாடி, முற்றம் இல்லை. இன்னொன்று, போன வருடம் இதே வீட்டில் வேறொரு குட்டி பார்வோவில் செத்தது.

வெள்ளவத்தை, மிருக வைத்திய உதவியாளர்

தங்கச்சி, நிலத்தில் விடவேண்டாம், தூக்கிக்கொண்டு போகலாம். முழுக்கப் பூட்டி வைப்பதும் பிழை. 3 முதல் 14 வாரம் வரைதான் குட்டி உலகத்தைப் பழகும் காலம். பஸ் சத்தம், ரயில், குடை பிடித்த ஆள், பள்ளிப் பிள்ளைகள் எல்லாம் கையில் இருந்தபடியே பார்க்கட்டும். ஊசி போட்ட, சுகமான பெரிய நாய் உள்ள வீட்டுக்குக் கொண்டுபோகலாம். தெருநாய் மலம் கிடக்கும் ஒழுங்கை, புல்வெளி, மின்தூக்கியின் தரை, கிளினிக்கின் காத்திருக்கும் தரை, இவை கடைசி ஊசிக்குப் பிறகு 2 வாரம் வரை வேண்டாம். கிளினிக் தரையைச் சொல்ல மறக்கிறவர்கள்தான் அதிகம், அங்குதான் நோயாளி நாய் எல்லாம் வந்து போகிறது.

பழைய வீட்டுத் தொற்று: பார்வோ வைரஸ் வீட்டுக்குள் மாதக்கணக்கில், நிழலும் ஈரமும் உள்ள மண்ணில் ஒரு வருடம் வரையும் நிற்கும். டெற்றோலும் பினைலும் அதை ஒன்றும் செய்யாது. முதலில் சவர்க்காரத்தால் அழுக்கை முழுக்கக் கழுவி எடுங்கோ, அழுக்கின் மேல் பிளீச் வேலை செய்யாது. பிறகு வாசனை, நிறம் சேர்க்காத வீட்டுப் பிளீச் 1 பங்குக்குத் தண்ணீர் 30 பங்கு, அதாவது லீற்றருக்கு 30 மில்லிலீற்றருக்குச் சற்றுக் கூட. 10 நிமிடம் ஈரமாகவே இருக்க வேண்டும். ஜன்னலைத் திறந்து வைத்துச் செய்யுங்கோ, பினைலோடோ அமிலத்தோடோ கலக்காதேங்கோ. பழைய பாய், மெத்தை, மரப் பெட்டி எறிய வேண்டியதுதான்.

"ஊசி போட்டுத்தான் பார்வோ வந்தது" என்ற பேச்சுக்கும் ஒரு விளக்கம். தொற்றி நோய் வெளியே தெரிய பெரும்பாலும் 3 முதல் 7 நாள். ஊசி போட்ட நாளிலேயே உள்ளே வைரஸ் இருந்திருக்கும். அதோடு, உயிர்வைரஸ் ஊசிக்குப் பிறகு சில நாள் மலப் பரிசோதனையில் நோய் இருப்பதுபோல் மெல்லிய கோடு விழலாம். ஆகவே பரிசோதனை செய்பவரிடம் ஊசித் திகதியைச் சொல்லுங்கோ.

மோதரை

எலிக்காய்ச்சல் ஊசியை "விரும்பினால் போடலாம்" என்று சொல்வது கொழும்புக்குப் பொருந்தாது. களனி கங்கையோரம் வெள்ளம் ஏறும் இடங்களில் எலி மூத்திரம் கலந்த தண்ணீர் முற்றத்துக்கே வரும். 8 வாரத்திலிருந்து தொடங்கலாம். 2 முதல் 4 வார இடைவெளியில் இரண்டு, பிறகு வருடம் தவறாமல். முதலாவது மட்டும் போட்டால் காவல் இல்லை. இரண்டாவது 6 வாரத்துக்கு மேல் பிந்தினால் மறுபடி இரண்டு. மே மழைக்கும் ஒக்டோபர் மழைக்கும் முன்னால் இரண்டாவது முடிந்திருக்க வேண்டும். எல்லா வகைக் கிருமியையும் இது தடுக்காது: பழைய ஊசியில் 2 வகை, புதியதில் 4. எலிப் பொறிக்கு விடுமுறை கொடுக்காதீர்கள்.

பொரளை, பொதுச் சுகாதாரத் துறை

விசர்நாய் நோய் ஊசி 12 வாரத்தில் ஒன்று, ஒரு வருடத்தில் அடுத்தது. ஒழுங்கைக்கு இலவச ஊசிக் குழு வரும்போது குட்டிக்கு 8 வாரமே என்றாலும் போடுங்கள், திருப்பி அனுப்பாதீர்கள். 12 வாரத்தில் இன்னொன்று போட்டால் சரி.

குட்டி கடித்தால் விசர் வராது என்று நம்புகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். வரும். பல் பட்டாலும் கீறினாலும் ஓடும் தண்ணீரில் சவர்க்காரம் போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு அன்றே அரச வைத்தியசாலைக்குப் போங்கள், நாயின் அட்டையையும் கொண்டுபோங்கள். குட்டியை 14 நாள் கட்டிவைத்துப் பார்க்கச் சொல்வார்கள். அதற்குள் செத்தால் புதைக்காமல் வெறும் கையால் தொடாமல் பொலித்தீனில் சுற்றி ஐஸில் வைத்து உங்கள் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கு அறிவியுங்கள். தலையைப் பரிசோதிப்பது இங்கே பொரளை மருத்துவ ஆராய்ச்சி நிறுவகத்தில். பொர்மலின் ஊற்ற வேண்டாம்.

பம்பலப்பிட்டி

நன்றி அண்ணா. 16 வாரம் வருகிற வெள்ளிக்கிழமை நிறையுது. அன்றே காலை 9 மணிக்குப் போடலாமா, சனிக்கிழமை வரை பொறுக்கவா?

தெஹிவளை, கிளினிக் நடத்துபவர்

வெள்ளி காலை. கையில் தூக்கிக்கொண்டு வாங்கோ, மேசையில் விரிக்க ஒரு துவாய் கொண்டுவாங்கோ.